மறதி, மனச்சோர்வு, கால் எரிவு: திருகோணமலைப் பின்னணியில் ஒரு பி12 குறைபாட்டு நிகழ்வு ஆய்வு

எதைச் சாப்பிட்டால் மூளைக்கலம் வளரும் என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் பார்க்கவேண்டியது, மூளைக்குப் போய்ச்சேர வேண்டிய எது இப்போது போய்ச்சேராமல் நிற்கிறது என்பதை. அதைத் தேடாமல் வாதுமைக் கொட்டையும் வல்லாரை வில்லையும் கொடுத்ததால் மாதங்கள் வீணாவதுண்டு. நரம்பைப் பொறுத்தவரை சில மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

கீழே வரும் பெண் தனி நபர் ஒருவர் அல்லர். சைவச் சாப்பாட்டுக் குடும்பங்களில் பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு வெளிப்படும் வழக்கமான வடிவத்தைக் கொண்டு, கற்பித்தலுக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. அவருடைய பரிசோதனை எண்கள் அதற்கேற்ப இடப்பட்டவை. மருந்தளவும் உணவளவும் நடைமுறையில் உள்ளவை; சுட்டும் ஆய்வுகளின் முடிவுகள் வெளியானவை.

நிகழ்வு

வயது 58. உப்புவெளியில் மகள், மருமகனோடு இருக்கிறார். கணவர் இறந்து ஆறு வருடம். அன்றிலிருந்து மச்சம் (மீன், இறைச்சி) தொடுவதில்லை, முட்டையும் விட்டாயிற்று. ஒன்பது வருடமாக நீரிழிவு. மெட்போமின் காலையில் 1 கிராம், இரவில் 1 கிராம். நெஞ்செரிவுக்கென்று நாலு வருடத்துக்கு முன் தொடங்கிய ஒமிப்பிரசோல் 20 மில்லிகிராம் இன்னும் தொடர்கிறது. அதை நிறுத்தும்படி எவரும் சொல்லவில்லை.

கூட்டிவந்தவர் மகள். எட்டு மாதமாக அம்மா வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போவதில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தாலும் பக்கத்திலேயே இருக்கிறார். கேட்டதையே திரும்பக் கேட்கிறார். விடியப்புறம் மூன்று மணிக்கு விழித்தால் பிறகு நித்திரை இல்லை. "அப்பாவை நினைச்சு நினைச்சு இப்பிடியாயிட்டா" என்பது மகளின் விளக்கம். கால் எரிவு பற்றித் தனியாகக் கேட்டபோதுதான் சொன்னார்கள், அதைச் சீனி வருத்தத்தின் கணக்கில் போட்டுவிட்டிருந்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன் "இரத்தம் குறைவு" என்று யாரோ சொல்ல, மருந்துக் கடையில் போலிக் அமிலம் 5 மில்லிகிராம் குளிசை வாங்கி நாள்தோறும் கொடுத்து வருகிறார்கள். களைப்பு கொஞ்சம் குறைந்தது, எரிவு கூடியது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நோயறிதலின் பாதி இருக்கிறது.

சோதித்தபோது

நாக்கு சிவந்து வழவழப்பாக, சுவை மொட்டுகள் தேய்ந்து இருந்தது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளின் பின்புறம் மற்ற இடத்தைவிடக் கறுத்திருந்தது. நம்மைப் போன்ற நிறமுள்ள தோலில் பி12 குறையும்போது இது வரும். கையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், பார்ப்பவர்தான் குறைவு. வெயிலால் வந்த கறுப்பு மூட்டுக்கு மூட்டு நிற்காது.

128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரலிலும் கணுக்காலிலும் வைத்தபோது அதிர்வு தெரியவில்லை, முழங்காலில்தான் தெரிந்தது. பெருவிரலை மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டால் தவறாகச் சொன்னார். கணுக்கால் தெறிவினை இல்லை. ஆனால் உள்ளங்காலைக் கீறியபோது பெருவிரல் மேல்நோக்கிப் போனது. இந்த இரண்டும் சேர்ந்து வருவது நீரிழிவு நரம்புப் பாதிப்பில் எதிர்பார்ப்பதல்ல. காலின் நரம்பும் முள்ளந்தண்டு வடமும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது. கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னபோது சாய்ந்தார். வீட்டில் எப்படி என்று விசாரித்தால், விடியக் கிணற்றடியில் முகம் கழுவக் கண்ணை மூடும்போது சுவரைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். "பஞ்சில நடக்கிற மாதிரி." கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்குப் போகாதபோது கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. கண்ணை மூடியதும் அதுவும் போய்விடுகிறது.

மனநிலையைப் பிஎச்கியூ-9 வினாக்கொத்தால் அளந்ததில் 27க்கு 18. ஒன்பதாவது கேள்வி, அதாவது சாவதே மேல் என்ற எண்ணம், "சில நாட்களில் உண்டு" என்று வந்தது. திட்டம் எதுவும் இல்லை என்பது தனியாக இருத்திக் கேட்டு உறுதி செய்யப்பட்டது. மகளை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது; தாய்மார் பிள்ளைக்காகப் பொய் சொல்வார்கள். நினைவாற்றலுக்கான மொக்கா சோதனையில் 30க்கு 19; 26உம் அதற்கு மேலும் இயல்பு. தவறியவை பெரும்பாலும் கவனமும் பிந்திய நினைவுகூரலும்.

சாப்பாட்டு வரலாறு

"என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் சோறு, மரக்கறி, பருப்பு, கீரை என்று ஒழுங்கான பதில் வரும். அது அவர் சாப்பிட நினைப்பது. "நேற்று எழும்பினதிலிருந்து படுக்கும்வரை வாயில் போட்டதெல்லாம் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டு, கிண்ணம், அகப்பை, டம்ளர் காட்டி அளவெடுக்க வேண்டும். அப்படி மூன்று நாள் எடுக்க வேண்டும், அதில் ஒன்று விரத நாளாக இருக்க வேண்டும்.

வந்த படம் இது. காலை ஆறுக்கு வெறுந்தேத்தண்ணி, இரண்டு கரண்டி சீனி. எட்டரைக்குப் பாண் மூன்று துண்டு, தேங்காய்ச் சம்பல், இன்னொரு தேத்தண்ணி. மத்தியானம் வெள்ளைச் சோறு, பருப்பு இரண்டு கரண்டி, உருளைக்கிழங்குக் குழம்பு. கீரை வாரத்தில் ஒருநாள். சாப்பிட்ட கையோடு மறுபடி தேத்தண்ணி. இரவில் பிஸ்கட் நாலு, சில நாள் அதுவும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் ஒருவேளைச் சாப்பாடு. பால் தேத்தண்ணி 2022 நெருக்கடியில் பால்மா விலை ஏறியபோது நின்றது, பிறகு தொடங்கவில்லை. தயிர் பேரப்பிள்ளை வந்தால் வாங்குவோம் என்றார்கள். பேரப்பிள்ளை இன்னும் இல்லை.

பி12 உயிர்ச்சத்து மரக்கறியில் இல்லை. கீரையில், பருப்பில், தேங்காயில், குரக்கனில் எதிலும் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் இவைதான் மூலம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. 200 மில்லிலீற்றர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம், முட்டை ஒன்றில் அரை, 100 கிராம் சாளையில் மூன்று நாள் தேவைக்கு மேல். உடலின் சேமிப்பு 2 முதல் 5 மில்லிகிராம், பெரும்பகுதி ஈரலில். சேமிப்பு பெரிதாக இருப்பதால்தான் மச்சம் விட்டு வருடங்கள் கழித்து வருத்தம் தலைகாட்டுகிறது, அதனாலேயே ஒருவரும் இரண்டையும் தொடுத்துப் பார்ப்பதில்லை.

இவருடைய உடலில் உள்வரவு குறைந்ததோடு உறிஞ்சலும் கெட்டிருந்தது. உணவுப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12 பிரிவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும். ஒமிப்பிரசோல் அந்த அமிலத்தைத் தடுக்கிறது. பிரிந்த பி12 இரைப்பையில் சுரக்கும் உள்ளகக் காரணி என்ற புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. மெட்போமின் அந்த இடத்தில் குறுக்கிடுகிறது. மச்சம் விட்டது, பால் நின்றது, அமிலம் குறைந்தது, உறிஞ்சல் தடைப்பட்டது. நாலில் ஒன்று மட்டும் என்றால் ஒருவேளை தாக்குப்பிடித்திருப்பார்.

முடிவுகளை வாசித்தது

ஹீமோகுளோபின் 11.6. செங்குழியத்தின் சராசரிப் பருமன் 93, அதாவது இயல்பு. இங்கேதான் பலர் பி12 பற்றிய எண்ணத்தை விட்டுவிடுகிறார்கள். பி12 குறைந்தால் செங்குழியம் பெரிதாகும், 100ஐத் தாண்டும் என்பது பாடம். ஆனால் இவருக்கு இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் 11, இரும்புச்சத்தும் தீர்ந்திருந்தது. இரும்பு குறைந்தால் குழியம் சிறுக்கும். பெரியதும் சிறியதும் கலந்தபோது சராசரி நடுவில் வந்து நின்றது. இதைக் காட்டிக்கொடுப்பது ஆர்டிடபிள்யூ என்ற பரம்பல் அளவு: 18.5, வெகு அதிகம். இரத்தப் பூச்சை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இரண்டு வகைக் குழியங்களும், ஐந்துக்கு மேல் மடல் கொண்ட வெண்குழியங்களும் இருந்தன. போலிக் அமிலம் எடுத்ததும் இரத்தச் சோகையைப் பாதி மறைத்திருந்தது.

பி12 அளவு மில்லிலீற்றருக்கு 126 பிகோகிராம். 200க்குக் கீழ் குறைபாடு. 200க்கும் 300க்கும் இடையில் வந்தால், பி12 குறையும்போது இரத்தத்தில் கூடும் மெதைல்மலோனிக் அமிலமோ ஹோமோசிஸ்டீனோ பார்த்து உறுதி செய்யவேண்டும். இவருக்கு அது தேவைப்படவில்லை. உள்ளகக் காரணிக்கு எதிரான பிறபொருளெதிரி இல்லை. அது இல்லாததால், உடல் தன் இரைப்பையையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. தைரொயிட் இயல்பு. கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 7.4. இரும்பும் பி12உம் குறைந்தவருக்குப் புதிய செங்குழியம் மெதுவாக உருவாகி, இருப்பவற்றின் சராசரி வயது கூடுவதால் இந்த எண் உண்மையைவிட உயர்ந்து காட்டலாம். அதை நம்பி நீரிழிவு மருந்தைக் கூட்டவில்லை.

1988இல் லின்டன்போமும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டும். பி12 குறைபாட்டால் நரம்பு, மனநலப் பாதிப்பு வந்த 141 பேரில் 40 பேருக்கு இரத்தச் சோகையோ பெரிய குழியமோ இருக்கவில்லை. முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட வருடங்கள் ஆகியும், "இரத்தம் நல்லா இருக்கு, பி12 தேவையில்லை" என்ற வார்த்தை இன்னும் கேட்கிறது.

இரத்தம் எடுத்த பிறகே முதல் ஊசி போட வேண்டும். ஊசி போட்டபின் எடுத்தால் அளவு கூடித்தான் வரும், குறைபாடு இருந்ததா என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது.

மூளையில் நடந்தது என்ன

பி12 நம் உடலில் இரண்டே இரண்டு நொதிகளுக்கு உதவுகிறது. ஒன்று ஹோமோசிஸ்டீனை மெதியோனினாக மாற்றுவது. மெதியோனினிலிருந்து வரும் சாம் என்ற மூலக்கூறுதான் நரம்புறையின் புரதங்களுக்கும் கொழுப்புகளுக்கும், செரட்டோனின், டோப்பமின் முதலியவற்றின் ஆக்கச்சிதைவுக்கும் மெதைல் கூட்டத்தை வழங்குகிறது. இந்த நொதி நின்றால், போலிக் அமிலத்தின் இயற்கை வடிவமான போலேற்றும் பயன்படாத வடிவில் தேங்கிவிடும். கலம் பிரிவதற்கு வேண்டிய டிஎன்ஏ உருவாகாது. எலும்பு மச்சையில் அது இரத்தச் சோகையாகத் தெரிகிறது. இரண்டாவது நொதி மெதைல்மலோனிக் அமிலத்தைக் கையாள்வது. அது தவறினால் அந்த அமிலம் உடலில் தேங்குகிறது.

போலிக் அமிலக் குளிசை அந்தத் தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு போய் டிஎன்ஏ வேலையைத் திரும்பத் தொடக்கிவைக்கும். மச்சை மீண்டும் குழியம் செய்யும், முகம் தெளியும். நரம்புறையின் பக்கம் எதுவும் மாறாது, அங்கே சிதைவு தொடரும். களைப்புக் குறைந்து எரிவு கூடியதன் காரணம் இதுதான்.

அப்படியானால் புதிய மூளைக்கலம்? வளர்ந்த விலங்கின் மூளையில் புதிய நரம்புக்கலம் உருவாவதை ஜோசப் ஆல்ட்மன் 1960களில் எலிகளில் காட்டினார். மனிதரில் 1998இல் எரிக்சன் குழு ஹிப்போகாம்பஸில் அதைக் கண்டது; நினைவுக்கும் மனநிலைக்கும் பொறுப்பான அந்தப் பகுதி காதுக்கு நேர் உள்ளே, மூளையின் அடியில் இருக்கிறது. 2013இல் ஸ்பால்டிங் குழு, 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐக் கொண்டு கலங்களின் வயதைக் கணித்து, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளுக்குச் சுமார் 700 நரம்புக்கலம் புதிதாகச் சேர்கிறது என்றது. 2018இல் ஒரே இளவேனிலில் இரண்டு ஆய்வுகள் நேரெதிராக வந்தன: சோரெல்ஸ் குழு வளர்ந்தவரில் ஒன்றும் காணவில்லை என்றது, போல்ட்ரினி குழு எழுபது வயதுகளிலும் உண்டு என்றது. 2025இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் பெரியவர்களின் ஹிப்போகாம்பஸில் பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடிக் கலங்களை இனங்கண்டனர். உண்டு என்ற பக்கம் இப்போது கனத்திருக்கிறது, எவ்வளவு என்பதில் சர்ச்சை தொடர்கிறது.

உணவின் பங்கு விலங்குகளில் தெளிவு. கொழுப்பும் சீனியும் மிகுந்த தீனி கொடுத்த எலிகளின் ஹிப்போகாம்பஸில், நரம்புக்கலத்தைப் பேணி வளர்க்கும் பிடிஎன்எஃப் என்ற புரதம் குறைகிறது. போலேற்று இல்லாத தீனி சுண்டெலிகளில் முன்னோடிக் கலங்களின் பிரிவைத் தடுக்கிறது. மனிதரில் உள்ளது மறைமுகமான சான்று: 2015இல் ஜாக்கா குழு, அறுபது வயதுகளின் தொடக்கத்தில் இருந்த அவுஸ்திரேலியர்களை எம்ஆர்ஐ மூலம் தொடர்ந்து பார்த்தபோது, உணவின் தரம் குறைந்தவர்களின் இடது ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருந்தது. ஆக, இந்தப் பெண்ணின் நினைவு திரும்பினால் "புதிய கலம் முளைத்தது" என்று எழுத எவருக்கும் ஆதாரம் இல்லை. இருக்கிற கலங்களின் உறை திருந்தியது, மெதைல் வழங்கல் திரும்பியது, நித்திரை வந்தது என்பதே போதிய விளக்கம். விளம்பரங்கள் எலியில் கண்டதை மனிதருக்கு விற்பது நோயாளிக்குச் செய்யும் கேடு.

சிகிச்சை கொடுத்த ஒழுங்கு

முதலில் ஹைட்ரொக்சோகோபாலமின் 1000 மைக்ரோகிராம், தசையூசி, ஒன்றுவிட்டு ஒருநாள். நரம்புப் பாதிப்பு இல்லாதவருக்கு இரண்டு வாரத்தில் ஆறு ஊசி போதும். நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு மேலும் முன்னேற்றம் இல்லை என்ற நிலை வரும்வரை இப்படியே தொடர்ந்து, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஒரு வாரம் போட்டுவிட்டு "இனி மாதம் ஒருக்கா வாங்கோ" என்று அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஊசிக்கு வரமுடியாதவருக்கு வாய்வழி 1000 மைக்ரோகிராம் நாள்தோறும் கொடுக்கலாம்; உள்ளகக் காரணி இல்லாவிட்டாலும் சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாக ஊடுருவும், அது 10 மைக்ரோகிராம். சாதாரணப் பல்சத்துக் குளிசையில் இருக்கும் சில மைக்ரோகிராம் இந்த வழியில் ஒன்றுக்கும் ஆகாது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்கு ஊசியோடுதான் தொடங்க வேண்டும்.

போலிக் அமிலம் முதல் ஊசிவரை நிறுத்தப்பட்டது. பி6 கலந்த பலமான பி-தொகுதிக் குளிசையும் வேண்டாம் என்று சொல்லப்பட்டது: நாளுக்கு 100, 200 மில்லிகிராம் என்று மாதக்கணக்கில் எடுத்தால் பி6 தானே உணர்வு நரம்பைக் கெடுக்கும், அப்போது எரிவு எதனால் என்று பிரித்தறிய முடியாது.

இரும்புக்கு பெரஸ் சல்பேற் 200 மில்லிகிராம், அதில் 65 மில்லிகிராம் இரும்பு, ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில், தேசிக்காய்த் தண்ணீரோடு. நாள்தோறும் எடுத்தால் முதல் நாள் குளிசை எழுப்பும் ஹெப்சிடின் என்ற சுரப்பு மறுநாள் உறிஞ்சலைக் குறைக்கிறது. இடைவெளி விட்டால் வயிற்றுக்கும் இதம். மலம் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் 25 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 50 ஆக்கப்பட்டது. பி12 ஏறினால் மனம் சரியாகும், அதுவரை பார்ப்போம் என்று காத்திருக்கவில்லை. 18 புள்ளியும் சாவு பற்றிய எண்ணமும் உள்ளவரைச் சாப்பாட்டை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. வயதானவருக்கு இந்த மருந்து சோடியத்தைக் குறைக்கலாம் என்பதால் இரண்டாம் வாரம் இரத்தத்தில் அது பார்க்கப்பட்டது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் மகளின் தொலைபேசியில் பதியப்பட்டது, இரவிலும் எடுக்கலாம்.

மெட்போமின் நிறுத்தப்படவில்லை. அது நல்ல மருந்து, பி12 கொடுத்தால் சேர்ந்தே போகலாம். ஒமிப்பிரசோலை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி நாலு வாரத்தில் நிறுத்தினார்கள். இடையில் நெஞ்செரிவு திரும்ப மூண்டது. அமிலச் சுரப்பு தற்காலிகமாக எகிறுவதால் வருவது அது, நோய் திரும்பியது என்று எண்ணி மீண்டும் தொடங்கிவிடுகிறவர்கள் பலர்.

சாப்பாட்டு ஏற்பாடு

மச்சம் தொடங்கச் சொல்லவில்லை. கணவர் இறந்தபின் எடுத்த முடிவு அது. அதோடு மல்லுக்கட்டினால் நோயாளி கிளினிக்குக்கு வருவதையே விட்டுவிடுவார். பி12 ஊசியில் வருகிறது, மீதியைச் சைவத்துக்குள் சரிசெய்யலாம்.

முதல் மாற்றம் தேத்தண்ணி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டுக் குடிக்கவேண்டும். தேயிலையின் தனின்கள் கீரை, பருப்பு இரும்பைக் கட்டிவிடும். மற்ற எல்லாம் சரியாக இருந்து இது ஒன்று மாறாவிட்டால் பெரிற்றின் ஏறாது. சீனி இரண்டு கரண்டி அரையாகக் குறைந்து, பிறகு பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொள்வதாக மாறியது. பனங்கட்டியும் சீனிதான், துண்டின் அளவு கட்டுக்குள் இருக்கும்வரை பரவாயில்லை.

காலையில் பாணுக்குப் பதில் குரக்கன் பிட்டு: குரக்கன் மா ஒரு பங்கு, வறுத்த அரிசி மா ஒரு பங்கு, உப்புச் சேர்த்த வெந்நீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்து, தேங்காய்ப்பூவோடு 10 முதல் 12 நிமிடம் அவிப்பது. குரக்கன் மட்டும் போட்டால் கட்டியாகி இறங்காது, இரண்டாம் நாளே வீட்டில் கைவிடுவார்கள். அதோடு அவித்த பயறு அல்லது கடலை முக்கால் கிண்ணம். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு ஒன்றரைக் கிண்ணம், பருப்பு ஒரு கிண்ணம், முருங்கையிலை வறை அல்லது பொன்னாங்காணி கைநிறைய. கீரையைக் கடைசியில் போட்டு மூன்று நாலு நிமிடத்தில் இறக்கவேண்டும். நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் போலேற்று தண்ணீரோடு போய்விடும். தேசிப்புளி அடுப்பிலிருந்து இறக்கியபின். எருமைத்தயிர் 150 கிராம் மத்தியானம், பால் ஒரு டம்ளர் இரவில். வல்லாரைச் சம்பல் வேண்டியபோது சாப்பிடலாம், கீரையாக அது நல்ல கீரை. நினைவு கூடும் என்பதற்காக வில்லை வாங்கிச் செலவழிக்கத் தேவையில்லை.

செவ்வாய், வெள்ளி விரதத்தில் ஒருவேளை உணவு என்பது தொடர்ந்தது. ஆனால் மற்ற வேளைகளில் வெறுந்தேத்தண்ணிக்குப் பதில் பால், தயிர், பழம், கடலை. கந்தசஷ்டி ஆறு நாளும் பட்டினி இருப்பது பற்றித் தனியாகப் பேசப்பட்டது. மெட்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அளவு ஆபத்தாக இறங்குவது அரிது. இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிக்கிளசைட் போன்றதும் சேர்ந்து எடுப்பவர் வைத்தியரிடம் அளவு மாற்றிக்கொள்ளாமல் விரதம் தொடங்கக்கூடாது.

வீட்டில் மீன் சாப்பிடும் மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் சாளை, சூடை, கும்பளா போன்ற எண்ணெய்ச் செறிவான சிறுமீன் 100 முதல் 150 கிராம் போதும். திருகோணமலைச் சந்தையில் விலை குறைந்தவையும் அவைதான். அறக்குளாத் துண்டுக்குக் கொடுக்கும் காசு தேவையில்லை. நரம்புக்கல மென்சவ்வில் கூடுதலாக இருக்கும் டிஎச்ஏ என்ற கொழுப்பு அவற்றில் நேரடியாகக் கிடைக்கும். ஆளி விதை, அக்ரூட் (வால்நட்) தரும் கொழுப்பு உடலில் டிஎச்ஏ ஆக மாறுவது மிகக் குறைவு. குழம்பாகவோ சொதியாகவோ வைத்தால் கொழுப்பு குழம்பில் இருக்கும், அதையும் சாப்பிடுகிறோம். ஆழ எண்ணெயில் பொரித்தால் அந்த எண்ணெய்க்குப் போய்விடும். கருவாட்டில் உப்பு அதிகம், இரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது. லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் எதிர்ப்பக்கம் எச்சரிக்கை வேண்டும்: உப்பைத் திடீரென வெட்டினால் மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகும்.

இந்த ஏற்பாட்டிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அவுஸ்திரேலியாவில் 2017இல் வெளியான ஸ்மைல்ஸ் ஆய்வு, மனச்சோர்வுள்ள 67 பேரில் பாதிப்பேருக்கு 12 வாரம் உணவு ஆலோசனை கொடுத்தது, மற்றவர்களுக்கு அதே நேரம் பேச்சுத்துணை. உணவுக் குழுவில் 32 வீதமும் மற்றதில் 8 வீதமும் குணமடைந்தனர். சிறிய ஆய்வு; யார் எந்தக் குழு என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும், எதிர்பார்ப்பும் சேர்ந்து வேலை செய்திருக்கும். 2019இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பருமனானவர்களில் நடந்த மூட்ஃபுட் ஆய்வில், சத்துக் குளிசைகள் மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை. குறைவு உள்ளவருக்குக் குறைவை நிரப்புவது பெரிய பலன் தரும். குறைவில்லாதவருக்குக் கூட்டிக் கொடுப்பது தராது.

நடையும் சேர்க்கப்பட்டது: விழும் பயம் தணிந்தபின், மாலையில் உப்புவெளிக் கடற்கரையில் மகளின் கையைப் பிடித்து 20 நிமிடம், ஈர மணலின் கெட்டியான ஓரத்தில். 2011இல் எரிக்சன் என்ற வேறொரு ஆய்வாளரின் குழு, ஒரு வருடம் வேகநடை போட்ட முதியவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 வீதம் பெரிதானதைக் காட்டியது. மனிதரில் உணவுக்குக் கூட இவ்வளவு நேரடியான சான்று இல்லை.

முன்னேற்றம்

முதல் பத்து நாளில் நாக்கு ஆறியது. இரண்டாம் வாரம் கால் எரிவு கூடியது. இது நடக்கும், நரம்பு திருந்தத் தொடங்கும்போது சில வாரம் உணர்ச்சி மிகும். முன்பே சொல்லியிருந்ததால் ஊசியை நிறுத்தவில்லை. ஆறாம் வாரம் பிஎச்கியூ-9 11, மொக்கா 22. விடியப்புற விழிப்பு ஐந்து மணிக்குத் தள்ளியது. மூன்றாம் மாதம் 6உம் 25உம். கண்ணை மூடி நிற்க முடிகிறது. செங்குழியப் பரம்பல் 14க்கு இறங்கியது, பெரிற்றின் 34. எச்பிஏ1சி மருந்து மாற்றமில்லாமலே 6.9, சாப்பாடு மாறியதில் பாதி, பழைய அளவு உயர்ந்து காட்டியதில் பாதி என்று கொள்ளலாம்.

பெருவிரலின் அதிர்வுணர்வு திரும்பவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் இருந்த நரம்புக்குறை முழுதாக மீள்வது கடினம், போலிக் அமிலத்தோடு கழிந்த ஐந்து மாதத்தின் விலை அது. இதில் எவ்வளவு செர்ட்ரலின், எவ்வளவு ஊசி, எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு மகள் பக்கத்தில் நடந்தது என்று ஒரு நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது. ஊசி ஆயுள்வரை. செர்ட்ரலின் குணமடைந்தபின் குறைந்தது ஆறு மாதம், பிறகு மெல்லக் குறைப்பது.

மகள்

மூன்றாம் மாத வருகையில் மகளிடமும் இரத்தம் எடுக்கப்பட்டது. வயது 29. தாயோடு சேர்ந்து வீட்டில் சைவச் சமையல், அவரும் மீனைக் குறைத்துவிட்டார், பிள்ளைக்கு முயற்சி செய்கிறார்கள். பி12 188. அறிகுறி எதுவும் இல்லை.

மூளைக்கலம் வளர்வதில் உணவுக்குச் சந்தேகமில்லாத இடம் என்றால் அது கருவிலும் முதல் இரண்டு வயதிலும்தான். தாயின் பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். பிறக்கும்போது நன்றாக இருக்கும் பிள்ளை நாலு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடையில் தலை நிற்காமல், சிரிப்பு மறைந்து, சோர்ந்து, கைநடுங்கி, கற்றதை இழக்கத் தொடங்கும். தாய்க்கு அப்போதும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சரியான நேரத்தில் ஊசி போட்டால் பிள்ளை நாட்களில் விழித்துக்கொள்ளும். பிந்தினால் வளர்ச்சிக் குறை நிலைத்துவிடும்.

மகளுக்குக் கருத்தரிக்க முன்பே பி12 ஊசி தொடங்கி, அதன் பிறகே போலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் சேர்க்கப்பட்டது. கருவின் நரம்புக்குழாய் நாலு வாரத்துக்குள் மூடிவிடுவதால், கர்ப்பம் தெரிந்தபின் தொடங்குவது பிந்தியது. கர்ப்பத்தில் நாளுக்கு 2.6, பாலூட்டும்போது 2.8 மைக்ரோகிராம் பி12 தேவை. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷ மாவைச் சாப்பிடட்டும், அதில் சத்து இருக்கிறது. குறைபாடு உள்ளவருக்கு அது சிகிச்சைக்கு ஈடாகாது. வாரத்தில் மூன்று நாள் முட்டையும் இரண்டு நாள் சூடை மீனும் சாப்பிட அவர் இணங்கினார். வீட்டில் அம்மாவின் அடுப்புக்கு அப்பால், கொல்லைப்புறத்தில் தனிச் சட்டி வைத்துக்கொள்வதாகத் தாயும் மகளும் பேசி முடிவெடுத்தார்கள். அடுத்த இரத்தச் சோதனை இருவருக்கும் ஒரே நாளில், மூன்று மாதம் கழித்து.